தனி மரமும் பொது அறையும்

அவைத்தலைவர் அவர்களே, என்னை அழைத்துவிட்டு 'இருபது நிமிடம்தான்' என்று காதில் ஓதிய செயலாளர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி அந்த இருபதில் எட்டை எடுத்துக்கொண்ட பேராசிரியர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் நகர்மன்ற உறுப்பினர்களே (உங்களிடம் எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது, பிறகு வருகிறேன்), பின்வரிசையில் கைப்பேசியில் மூழ்கியிருக்கும் இளைஞர்களே, வணக்கம்.

இளைஞர்கள் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். 1981 முதல் 1996 வரை பிறந்தவர்களை மில்லேனியல் தலைமுறை என்கிறது அமெரிக்காவில் மக்கள் போக்குகளைக் கணக்கெடுக்கும் பியூ ஆய்வு மையம். அவர்களில் மூத்தவர்கள் நாற்பதைத் தாண்டிவிட்டார்கள். நாம்தான் இன்னும் 'இந்தக் காலத்துப் பிள்ளைகள்' என்கிறோம். இவர்களுடைய வீடு, வேலை, உறவு மூன்றையும் பற்றிப் பேசப் போகிறேன்.

வீடு. 2014இல் அமெரிக்காவில் 18 முதல் 34 வயது வரை உள்ளவர்களில் 32.1 விழுக்காட்டினர் பெற்றோர் வீட்டில் இருந்தார்கள். துணையோடு தனிக்குடித்தனம் நடத்தியவர்கள் 31.6. அதே மையத்தின் கணக்குதான். உடனே 'பொறுப்பில்லாத கூட்டம்' என்று முணுமுணுத்தார்கள். 2008 நிதி நெருக்கடி வந்தபோது இவர்களில் பலர் சான்றிதழும் கையுமாக அப்போதுதான் வேலை தேடக் கிளம்பியிருந்தார்கள். அதை ஏன் யாரும் சொல்வதில்லை?

பெற்றோர் வீட்டை விட்டு வந்தவர்கள் பலர் தனியாக வாழ்கிறார்கள். தனி மரம் தோப்பாகாது. இது என் பழைய பல்லவி, பொறுத்தருளுங்கள்.

என் பக்கத்து வீட்டில் ஒரு தம்பி இருக்கிறார். மூன்று வருடமாகச் சுவர் மட்டும்தான் எங்களுக்குள் உறவு. ஒரு நாள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில், 'யாரிடமாவது ஸ்க்ரூடிரைவர் இருக்கிறதா?' என்று கேட்டிருந்தார். என்னிடம் இருந்தது, மஞ்சள் பிடி, விரிசலில் டேப் சுற்றியது. எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன். திறக்கவில்லை. மணி அடித்தேன். உள்ளே ஓடிக்கொண்டிருந்த பாட்டு சட்டென்று நின்றது. ஆள் மூச்சு விடுவதையும் நிறுத்திவிட்டார் போலிருக்கிறது! வீட்டுக்குத் திரும்பி, கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, 'கதவைத் தட்டியது நான்தான்' என்று செய்தி அனுப்பினேன். அடுத்த நொடியே கதவு திறந்தது. 'மன்னிக்கணும் ஐயா, சொல்லாமல் யாரும் வரமாட்டார்களே' என்றார். உள்ளே ஒரே நாற்காலி. அதை எனக்குக் கொடுத்துவிட்டு, பாதி பூட்டிய புத்தக அலமாரிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். இருவரும் சேர்ந்து பூட்டி முடித்தபோது மூன்று திருகுகள் மிச்சம். அலமாரி இன்றுவரை நிற்கிறது. எப்படி என்று கேட்காதீர்கள்.

தனி மரம் தோப்பாகாது என்று அந்தத் தம்பியிடம் உபதேசம் செய்ய எனக்கு வாய் வரவில்லை. தோப்புக்கு இடம் விட்டோமா நாம்? தனிமையைக் கவனிக்க பிரிட்டன் 2018இலும் ஜப்பான் 2021இலும் அமைச்சர்களையே நியமித்தன. நான் அமைச்சர் கேட்கவில்லை, ஓர் அறை கேட்கிறேன். கார்கள் நிற்க இடம் காட்டாமல் கட்டட வரைபடம் தேறுவதில்லை. மனிதர்கள் உட்கார இடம் காட்டச் சொல்லும் விதி எங்கே? புதிய குடியிருப்பு ஒவ்வொன்றிலும் தரைத்தளத்தில் ஒரு பொது அறை, நீளமான மேசை, பத்து நாற்காலி. பூட்டு வேண்டாம். பூட்டினால் சாவி சங்கச் செயலாளரிடம் போய்விடும். அப்புறம் அது சாமான் அறைதான். இந்தச் செயலாளரைச் சொல்லவில்லை.

வேலை பற்றியும் உறவு பற்றியும் சொல்ல நிறைய இருந்தது. கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுகிறார். மனு வாசலில் இருக்கிறது, பேனாவைக் கயிற்றில் கட்டி வைத்திருக்கிறேன். நகர்மன்ற உறுப்பினர்கள் பக்கவாட்டுக் கதவு வழியாகப் போக வேண்டாம். அங்கேயும் ஒரு பிரதி இருக்கிறது.