மாவு பொங்கிவிட்டது! (நன்றி: ஒரு மீன் பெட்டி)

வணக்கம், வணக்கம். கேமராவை ஒழுங்காக வைக்கக்கூட எனக்குப் பொறுமை இல்லை. முதலில் இதைப் பாருங்கள். தெரிகிறதா? தூக்குச்சட்டி விளிம்பு வரை வந்து, மூடியைத் தூக்கிக்கொண்டு வழிந்திருக்கிறது. இட்லி மாவு! இலங்கை மலை ஊரான நுவரெலியாவில், ஜனவரி மாதத்தில், சோடா உப்பு போடாமல், ஈஸ்ட் போடாமல், தானாகப் பொங்கிய மாவு!

பழைய ஆட்களுக்குத் தெரியும், இந்த மாவோடு நான் 4 வருடமாகப் பட்ட பாடு. கம்பளி சுற்றிய வீடியோ, வெயிலில் வைத்து மழையில் நனைந்த வீடியோ, அப்புறம் அந்த ரைஸ் குக்கர் வீடியோ. அதில் அடி மாவு வெந்து களியாகி, மேல் மாவு பச்சையாகவே நின்றது. அதற்குக் கீழே யாரோ "பாண் வாங்கிச் சாப்பிடுங்கள் அக்கா" என்று எழுதியிருந்தீர்கள். பாண் என்றால் நம்ம ஊர் பிரெட். பாணும் பருப்பும் ராத்திரிச் சாப்பாடு என்று நான் சாகும்வரை ஒத்துக்கொள்ள மாட்டேன். தேங்காய்ச் சம்பல் வேறு விஷயம். இட்லிக்குச் சட்னியைவிடச் சம்பல்தான் பொருத்தம். அம்மா, இந்த இடத்தை மட்டும் காதில் வாங்காதீர்கள்.

புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வரி: நான் மதுரைக்காரி. வீட்டுக்காரரின் வேலைக்காக இங்கே வந்தோம். மதுரையில் மாவு புளித்துப்போகாமல் இருக்க அதை ஃபிரிட்ஜுக்குள் தள்ளுவோம். இந்த ஊர் 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இன்று காலை சமையலறைச் சுவரில் இருக்கும் வெப்பமானி 11 காட்டியது. வீடே ஃபிரிட்ஜ்தான். தண்ணீரும் இங்கே 94 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், அதனால் குக்கர் இல்லாமல் துவரம்பருப்பு வேகவைக்க உட்கார்ந்தால் ஒரு சீரியல் முடிந்துவிடும்.

சரி, உளுந்துக்கு வருகிறேன். இதைப் பேசாமல் விட முடியாது. அரைக் கிலோ 700 இலங்கை ரூபாய். பில்லை வைத்திருக்கிறேன், இதோ. இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து எந்த விலையைப் பார்த்தாலும் இந்திய ரூபாய்க்கு மாற்ற மனசுக்குள் மூன்றரையால் வகுத்துவிடுவேன், அது ஒரு வியாதி. வகுத்துப் பார்த்தாலும் 200 ரூபாய்! அரைக் கிலோவுக்கு! இலங்கைச் சம்பளம் வாங்கிக்கொண்டு இந்தியக் கணக்கு எதற்குப் போடுகிறாய் என்று வீட்டுக்காரர் கேட்கிறார். கேட்கட்டும். நான் உளுந்தை எண்ணித்தான் ஊறவைத்தேன். பாக்கெட்டில் 'உழுந்து' என்று ழகரம் போட்டிருக்கும். முதல் வருடம் அச்சுப்பிழை என்று சிரித்தேன். இங்கே எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். இந்த விலைக்கு ழகரம் போட்டால் தப்பே இல்லை.

வார்த்தை என்றதும் ஞாபகம் வருகிறது. 'கோதுமை மா' வாங்கிச் சப்பாத்தி போட்டு, வெள்ளை வெளேரென்று ரப்பர் மாதிரி வந்ததே, அந்த வீடியோ? நம்ம ஊர் மைதாவுக்குத்தான் இங்கே அந்தப் பெயர். சப்பாத்திக்கு ஆட்டா மா என்று கேட்க வேண்டும். ஆனால் அந்தக் கோதுமை மாவில் தேங்காய்ப்பூ போட்டு, தேயிலைத் தோட்டத்தில் தட்டிச் சுடுகிற ரொட்டி இருக்கிறதே, மிளகாய் இடித்த கட்டச் சம்பலோடு! அதற்கு நான் அடிமை.

இப்போது பெட்டி. போன வாரம் பக்கத்து வீட்டு அக்காதான் சொன்னார்: "சூடு வெளியே போகாத பெட்டியா ஒண்ணு பாருங்க, உள்ளே சுடுதண்ணி வைங்க." தெர்மாகோல் பெட்டிதானே என்று கிளம்பிவிட்டேன். கடை முதலாளியிடம், "தெர்மாகோல் இருக்கா?" என்றேன். உள்ளே போய் ஐந்து நிமிடம் தேடி, பெரிய சிரிப்போடு ஃபிளாஸ்க் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். "தெர்மோஸ், மிஸ்." நான் கையை விரித்து, வெள்ளையாக இருக்கும், லேசாக இருக்கும், உடைத்தால் உருண்டை உருண்டையாகக் கொட்டும் என்று நாடகமே போட்டேன். பின்னால் நின்ற பள்ளிக்கூடப் பையன், "ரெஜிபோம் கேக்கிறாங்க அங்கிள்" என்றான். ரெஜிபோம்! நாலு வருடத்தில் ஒருவரும் எனக்கு அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. கடையில் அதுவும் இல்லை. மீன் விற்பவரிடம் போகச் சொன்னார்கள்.

மீன்காரர் 500 என்றார். நான் மதுரை மார்க்கெட்டில் பேரம் பேசி வளர்ந்தவள். நடந்து போனேன், திரும்பி வந்தேன், மூடியில் இருந்த விரிசலைக் காட்டினேன், மறுபடியும் நடந்து போனேன். 300-க்கு முடித்தேன். அந்தப் பெட்டியை ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு மகாராணி மாதிரி வந்து இறங்கினேன். அக்கா பார்த்தார். "இதுக்கா காசு குடுத்தீங்க? சாயந்தரமானா சும்மாவே தூக்கிப் போடுவாங்களே." அந்த 300-ஐ இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

செய்முறை: நேற்று ராத்திரி 8 மணிக்கு மாவுச் சட்டியைப் பெட்டியில் வைத்து, பக்கத்தில் முதுகுவலிக்கு வைத்திருக்கும் ரப்பர் பையில் சுடுதண்ணி ஊற்றி வைத்து மூடினேன். ராத்திரி 2 மணிக்கு எழுந்து தண்ணீரை ஒருமுறை மாற்றினேன். காலை 10 மணிக்குத் திறந்தேன். அவ்வளவுதான். அட, ஒன்றை விட்டுவிட்டேன்: அரிசியும் உளுந்தும் ஊறியது 4 மணி நேரம் இல்லை, 9 மணி நேரம். இங்கே குழாய்த் தண்ணீர் ஐஸ். இட்லி அரிசி கிடைக்காது, வெள்ளை நாட்டரிசிதான் போட்டேன். கையால்தான் கலந்தேன், கரண்டி கூடாது.

விசா என்ன ஆச்சு என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். கொழும்புக்குப் போய்ப் போய் வந்ததில் நாலு நாள் போனது. ஓர் அலுவலகத்தில் ஒரு கடிதத்தில் ஒரு முத்திரை குறைகிறது என்றார்கள். கவுண்டரில் இருந்தவர் "ஹெட்ட என்ன" என்றார். எனக்குக் காதில் விழுந்தது 'என்ன' மட்டும்தான். "விசா சார்" என்றேன். மறுபடியும் "ஹெட்ட என்ன." மறுபடியும் "விசா சார்." நாளைக்கு வாருங்கள் என்று சிங்களத்தில் சொல்கிறார் என்று வரிசையில் நின்ற ஒரு தம்பி சொன்ன பிறகுதான் புரிந்தது. மதுரைக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்தான். ஆனால் இந்த மலையிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையம் போய்ச் சேர அரை நாள், விசா இல்லாவிட்டால் அதுவும் இல்லை.

இதையெல்லாம் உளுந்து கழுவிக்கொண்டே அக்காவிடம் புலம்பினேன். அவருடைய பூட்டன் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து தேயிலைக்கு வந்தவர். 1948 குடியுரிமைச் சட்டத்தில் குடும்பமே நாடில்லாமல் போனது. இப்படிப்பட்டவர்களை இரண்டு நாடுகளும் பங்கிட்டுக்கொள்ளப் போட்ட 1964 ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு அப்பாவும் மாமாவும் இந்தியக் குடியுரிமை கேட்டு எழுதிக் கொடுத்தார்கள். மாமா கோத்தகிரிக்குப் போய்விட்டார். அப்பாவின் முறை வருவதற்குள், 1984-இல், இந்தியாவுக்குப் போகிற தலைமன்னார்க் கப்பல் நின்றுபோனது. "அப்பாவுக்கு இங்க பிரஜாவுரிமை கிடைச்சது 2003 சட்டத்துக்கப்புறம். அப்ப எனக்கு ரெண்டு பிள்ளை" என்றார், சாதாரணமாக. என் முத்திரைக் கதையை அதோடு நிறுத்திவிட்டு உளுந்தைக் கழுவினேன். "கோத்தகிரி உங்க ஊருக்குப் பக்கமா?" என்று அப்புறம் கேட்டார். ஆறு மணி நேரம் என்றேன். "பக்கம்தான்" என்றார்.

சரி, இட்லி. முதல் ஈடு எடுத்தாச்சு, இதோ, அமுக்கினால் எழும்புகிறது பாருங்கள். ஆனால்... உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பெட்டியை எலுமிச்சை போட்டு மூன்று தடவை தேய்த்தேன், வெயிலில் காயவைத்தேன். இருந்தும், வாயில் வைத்த இரண்டாவது நொடியில் லேசாக ஒரு பாரை மீன் வாசம் எட்டிப் பார்க்கிறது. வீட்டுக்காரர் ஆறு சாப்பிட்டார், ஒன்றும் சொல்லவில்லை, ஏழாவது வேண்டாம் என்றார். அக்காவுக்கு நாலு கொடுத்து அனுப்பியிருக்கிறேன். அவர் வாயிலிருந்து என்ன வரும் என்று தெரியாமல்தான் இந்த வீடியோவை அவசரமாக எடுக்கிறேன். ரெஜிபோமில் மீன் வாசம் போக்கத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வினிகர் என்று மட்டும் சொல்லாதீர்கள், போட்டுப் பார்த்தாச்சு. கதவைத் தட்டுகிறார்கள், அக்காதான் போலிருக்கிறது. வைக்கிறேன்.