பேசாத கடைக்காரர்

நேயர்களுக்கு வணக்கம்.

தட்டையும் எள்ளுருண்டையும் செய்து விற்பவன் நான். விருதுநகர் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் நானும் என் அண்ணியும் இன்னும் நான்கு பெண்களும் சேர்ந்து நடத்தும் தொழில். சென்ற ஆண்டு எங்கள் பொட்டலங்களை வெளியூரில் ஒரு மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்தில், விற்பனை இயந்திரத்தில் வைத்துப் பார்த்தோம். முழு இயந்திரமும் எங்களுடையது அன்று. அதில் நான்கு சுருள்களை மட்டும் மாத வாடகைக்கு எடுத்திருந்தோம்.

சுருள் என்றேன் அல்லவா? கண்ணாடிக்குப் பின்னால் ஒவ்வொரு வரிசையிலும் ஒரு கம்பிச் சுருள் படுத்திருக்கும். அதன் வளையங்களுக்கு இடையே பொட்டலங்களைச் செருகி நிறுத்துவார்கள். பணம் கட்டியதும் மோட்டார் சுருளை ஒரு சுற்றுச் சுற்றும். முன்னால் நிற்கும் பொட்டலம் விளிம்பைத் தாண்டித் தொப்பென்று விழும். அந்தத் ‘தொப்’பை நாங்கள் கணக்கில் எடுக்கவில்லை. மேல் தட்டில் வைத்த தட்டை, வாங்கியவர் கைக்குப் போனபோது பொடியாகியிருந்தது. எள்ளுருண்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. அண்ணியின் எள்ளுருண்டையை மொட்டை மாடியிலிருந்து போட்டாலும் ஒன்றும் ஆகாது, அவர் இதைக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார் என்ற தைரியத்தில் சொல்கிறேன். தட்டையை அடித்தட்டுக்கு இறக்கினோம். பொட்டலத்தில் காற்றையும் கூடுதலாக அடைத்தோம். உடனே பொட்டலம் உப்பிக்கொண்டது. ஒரு சுருளில் பத்து நின்ற இடத்தில் ஏழுதான் நின்றது, அதிலும் சில கம்பியில் சிக்கித் தொங்கின.

விலையிலும் இடுக்கண் இருக்கிறது. பொட்டலத்தில் அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் ஒரு ரூபாய் கூட வாங்கக் கூடாது. எங்கள் பொட்டலம் 30 ரூபாய். சுருள் வாடகையும், வாரம் இருமுறை சரக்கு நிரப்பப் போய்வரும் பெட்ரோலும் அந்த முப்பதுக்குள்ளிருந்துதான் வர வேண்டும். மளிகைக் கடைக்காரருக்கு 6 ரூபாய் விட்டுக்கொடுக்க முகம் சுளித்தவன் நான். இயந்திரம் அதைவிட அதிகமாகத் தின்றது, விற்காத வாரத்திலும் தின்றது.

விற்காத வாரங்களே அதிகம். ஒரு நாள் முழுக்க அந்தக் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மனிதர்கள் வருகிறார்கள், எங்கள் தட்டையை உற்றுப் பார்க்கிறார்கள், பக்கத்துச் சுருளில் இருக்கும் பழகிய பிஸ்கட்டுக்குப் பணம் கட்டுகிறார்கள். மளிகைக் கடையில் இப்படி நடக்காது. அங்கே ஒருவர், “புதிதாக வந்திருக்கிறது, கடலையெண்ணெயில் சுட்டது, எடுத்துப் போங்கள்” என்பார். அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் நான் 6 ரூபாய் கொடுத்துவந்திருக்கிறேன் என்பது அன்றுதான் உறைத்தது.

ஜப்பான்காரர்கள் இதில் கெட்டிக்காரர்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் எப்படி என்று பார்க்க வேண்டும். 2021 ஜனவரியில் சாண்டென் ரீடெயில் சிஸ்டம்ஸ் என்ற நிறுவனம், உறைந்த உணவை விற்கும் இயந்திரத்தைக் கொண்டுவந்தது. கொரோனா நாட்கள் அவை. டோக்கியோவில் உணவகங்களை இரவு எட்டு மணிக்கே அடைக்கும்படி அரசு கேட்டுக்கொண்டிருந்தது. ராமென் என்ற நூடுல்ஸ் சூப்பு விற்கும் சிறு கடைகள் பல, சூப்பையும் நூடுல்ஸையும் உறையவைத்துப் பொட்டலம் கட்டி அந்த இயந்திரத்தில் வைத்தன. எங்கே வைத்தன? பெரும்பாலும் தங்கள் கடை வாசலிலேயே. அந்தச் சூப்பின் ருசி அந்தத் தெருவுக்கு ஏற்கெனவே தெரியும். பிரான்சில் ரே என்ற தீவில் கடல் சிப்பி விற்கும் இயந்திரம் இருக்கிறது. அதுவும் சிப்பி வளர்ப்பவரின் சொந்த இடத்தில்தான் நிற்கிறது. இயந்திரம் இங்கெல்லாம் அறிமுகம் செய்துவைக்கவில்லை. கதவு சாத்திய பிறகும் தெரிந்தவருக்கு விற்கிறது, அவ்வளவுதான்.

நம் ஊரிலேயே பாருங்கள். 2022-இல் கோயம்பேடு சந்தையில் அரசு வைத்த மஞ்சப்பை இயந்திரத்தில் 10 ரூபாய் நாணயத்தைப் போட்டால் துணிப்பை வரும். காய்கறி வாங்க வெறுங்கையோடு வந்தவருக்குப் பை எதற்கு என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்த 10 ரூபாய் நாணயம் செல்லாது என்ற வதந்தியால் பல கடைக்காரர்கள் அதைத் தொடவே மறுத்துவந்தார்கள். நாணயத்தின் 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கியே 2018-இல் அறிவிக்க வேண்டியிருந்தது. மனிதர் மறுத்ததை இயந்திரம் முணுமுணுக்காமல் வாங்கிக்கொண்டது.

எங்கள் கதைக்கு வருகிறேன். பொட்டலம் சிக்கினால் அழைப்பதற்காகக் கண்ணாடியில் என் கைபேசி எண்ணை ஒட்டியிருந்தேன். இரவு 11 மணிக்கு ஒருவர் அழைத்தார். பணம் போய்விட்டது, தட்டை தொங்குகிறது என்றார். 30 ரூபாயை யுபிஐயில் திருப்பி அனுப்பினேன். அவர் விடவில்லை. “சரி, இது என்ன எண்ணெய்? எங்கள் அப்பாவுக்குக் கொடுக்கலாமா? எத்தனை நாள் தாங்கும்?” பதில் சொன்னேன். மறுபடி பணம் கட்டி, பக்கத்துச் சுருளில் இருந்த எள்ளுருண்டையை வாங்கினார். சிக்கிய பொட்டலங்களால் வந்த அழைப்புகளில் பாதி இப்படித்தான் முடிந்தன. இயந்திரம் ஒழுங்காக ஓடிய நாட்களில் யாரும் எங்களிடம் பேசவில்லை, வாங்கவும் இல்லை.

எட்டாம் மாதம் அந்தச் சுருள்களை விட்டுவிட்டோம். பழைய இயந்திரம் ஒன்றை வாங்கி எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தில், எங்கள் கடையின் ஷட்டருக்கு வெளியே நிறுத்தியிருக்கிறோம். பகலில் அண்ணி உள்ளே உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசி விற்கிறார். கடை சாத்திய பிறகு, சென்னை பஸ்ஸுக்கு நிற்பவர்கள் இயந்திரத்தில் எடுத்துக்கொள்கிறார்கள். என் கைபேசி எண்ணை இங்கேயும் ஒட்டியிருக்கிறேன், முன்பைவிடப் பெரிய எழுத்தில். சிக்கல் இருந்தால் அழைக்கவும் என்ற வரியை மட்டும் எடுத்துவிட்டு, என்ன வேண்டுமானாலும் கேட்கலாம் என்று எழுதினேன். நேற்று ஒருவர் அழைத்து, சென்னை பஸ் போய்விட்டதா என்று கேட்டார்.

வணக்கம்.