சட்டம் வந்தது எடுக்க, ஊர் நின்றது காக்க

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

"நிலத்தைக் காப்பது அரசின் சட்டமா, ஊர் மக்களின் எதிர்ப்பா?" என்பது இன்றைய கேள்வி. சட்டம் இல்லாவிட்டால் வலுத்தவன் நிலத்தைச் சுருட்டிக்கொள்வான் என்றார் எதிரணித் தலைவர். சரி, பிரான்சில் நாந்த் நகருக்கு வடக்கே உள்ள நோத்ர்-டாம்-தெ-லாந்த் கிராமத்தைப் பாருங்கள். அங்கே நிலத்தைச் சுருட்ட வந்ததே சட்டம்தான். விமான நிலையத்துக்காக 1974-இல் அங்குள்ள நிலத்தை ஒதுக்கினார்கள். வேலிப்புதர்கள் சூழ்ந்த சின்னச் சின்ன மேய்ச்சல் வயல்கள், மழைக்காலத்தில் கால் புதையும் ஈரநிலம். 2008-இல், நிலத்தைக் கட்டாயமாக எடுக்க வழிவிடும் 'பொதுப் பயன்' என்ற முத்திரையும் குத்தியாயிற்று. சூழல் சட்டங்கள் அப்போதும் புத்தகத்தில் இருந்தன ஐயா!

நகர மாட்டோம் என்றார்கள் அங்கிருந்த விவசாயிகள். 2009-க்குப் பிறகு, அரசே இல்லாமல் மக்கள் தாங்களே கூடி வாழலாம் என்னும் அரசின்மைவாத இளைஞர்கள் வந்து அவர்கள் பக்கத்தில் குடிசை போட்டார்கள். மனிதனை மனிதன் அடக்கியாளும் ஏற்பாட்டிலிருந்துதான் இயற்கையை அடக்கும் எண்ணமே பிறந்தது என்று அமெரிக்கச் சிந்தனையாளர் மரே புக்சின் வாதிட்டார். அந்தச் சிந்தனையை அங்கே வாழ்ந்து பார்த்தார்கள். ரொட்டி சுட்டார்கள், மாடு வளர்த்தார்கள், கூட்டம் போட்டுப் பேசி முடிவெடுத்தார்கள்.

2012 அக்டோபரில் போலீஸ் வந்து வீடுகளை இடித்தது. அடுத்த மாதமே பல்லாயிரம் பேர் மரப்பலகையும் ஆணியும் சுமந்து வந்து புதிதாகக் கட்டினார்கள். அந்தப் புது வீடுகளுக்கும் போலீஸ் வந்தபோது, விவசாயிகள் டிராக்டர்களைச் சுற்றிலும் நிறுத்திச் சங்கிலியால் பிணைத்துவிட்டார்கள். பிழைப்புக்கு இருக்கிற ஒரே டிராக்டரைக் கொண்டுவந்து போலீசுக்குக் குறுக்கே நிறுத்த எவ்வளவு துணிவு வேண்டும்! அரசின் ஆய்வை நம்பாத இயற்கை ஆர்வலர்கள் தாங்களே வயல் வயலாக நடந்து, பாதுகாக்கப்பட்ட உயிரினங்களைக் கணக்கெடுத்தார்கள்.

"2016 வாக்கெடுப்பில் 55 சதவீதம் பேர் விமான நிலையம் வேண்டும் என்றார்களே, மக்களாட்சியை மதிக்க மாட்டீர்களா?" என்று எதிரணி கேட்டது. மாவட்டம் முழுக்க வாக்களித்தது உண்மை. ஆனால் ஓடுதளம் யார் வயலில் விழும்? அந்தக் கிராமம் பெருவாரியாக 'வேண்டாம்' என்றது. மண்ணை இழப்பவன் குரலைத் தூரத்து எண்ணிக்கையில் கரைப்பதை நான் மக்களாட்சி என்று சொல்ல மாட்டேன்.

கடைசியில் 2018 ஜனவரி 17 அன்று பிரதமர் எதுவார் ஃபிலிப் திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தார். நாந்த் நகரில் ஏற்கெனவே உள்ள பழைய விமான நிலையத்தையே மேம்படுத்தலாமாம். ஊர் அத்தனை ஆண்டுகள் நின்றிருக்காவிட்டால், அந்த யோசனை வருவதற்குள் கான்கிரீட் காய்ந்திருக்கும்.

அத்தோடு முடிந்ததா? ஏப்ரலில் சுமார் 2,500 போலீசார் திரும்பவும் வந்து வீடுகளை இடித்தார்கள். விமான நிலையமே இல்லை என்றான பிறகு எதற்கு? நிலத்தைக் கூட்டாக வைத்துக்கொள்கிறோம் என்றார்கள் மக்கள். ஆளுக்கொரு விண்ணப்பம் கொடு என்றது அரசு. பலர் வேறு வழியின்றி விண்ணப்பம் போட்டார்கள். போடும்போதும் ஒருவரைத் தனியே பிரித்து வெளியேற்ற முடியாதபடி ஒன்றோடொன்று பின்னியே எழுதிக் கொடுத்தார்கள். அவர்களில் பலர் இன்றும் அங்கே உழுதுகொண்டிருக்கிறார்கள். அவர்கள் பக்கம் தீர்ப்பளியுங்கள் நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.