மான் வேட்டைக்கு ரைஃபிள் குண்டு: பெட்டியில் எதைப் பார்த்து வாங்குவது?

(திரையில்: மேசைமேல் ஒரு தோட்டா; அருகில் நீளவாக்கில் இரண்டாக அறுத்த இன்னொன்று.)

வணக்கம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், நவம்பர் மாத நன்றி நவிலல் நாளுக்கு முந்தைய சனிக்கிழமையன்று 9 நாள் துப்பாக்கி வேட்டைப் பருவம் தொடங்குகிறது. அதற்குச் சில நாட்கள் முன்பு அங்குள்ள வேட்டைப்பொருள் கடைக்குப் போனால், தோட்டா அடுக்கின் முன்னால் நின்று ஒரு பெட்டியை எடுப்பதும் திரும்ப வைப்பதுமாக இருப்பவர்களைப் பார்க்கலாம். இந்தக் காணொளி அவர்களுக்கானது. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம் என்பதை நேயர்கள் அறிவீர்கள்; இங்கே பேசப்படுவது, உரிமம் பெற்று, பருவத்துக்கும் எண்ணிக்கை வரம்புக்கும் உட்பட்டு அமெரிக்காவில் நடக்கும் வெண்வால் மான் வேட்டை.

பேச்சுவழக்கில் தோட்டா என்றாலும் குண்டு என்றாலும் நமக்கு ஒன்றுதான். கடையில் அப்படி அல்ல. பித்தளைக் கூடு, அதன் அடியில் பொறி தட்டும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, வாயில் செருகிய உலோக முனை ஆகிய நான்கும் சேர்ந்தது தோட்டா. குழலைவிட்டு வெளியேறி மானைச் சென்று சேர்வது அந்த முனை மட்டுமே, அதுதான் குண்டு. எந்தத் தோட்டா என்பதைத் துப்பாக்கியின் குழலில் பொறித்திருக்கும் பெயரே முடிவு செய்துவிடுகிறது. 308 வின்செஸ்டர் துப்பாக்கி வைத்திருப்பவருக்கு அதில் வேறு வழி கிடையாது. தேர்வு என்பது குண்டில்தான் இருக்கிறது.

(திரையில்: பெட்டியின் பக்கவாட்டு அச்சு, அண்மைக் காட்சி.)

இந்தப் பெட்டியில் 308 வின்செஸ்டர் என்ற பெயருக்குக் கீழே 150 கிரெய்ன் என்றும், மென்முனை என்றும் (அதாவது, உறை மூடாமல் ஈயம் வெளியே தெரியும் முனை) அச்சிட்டிருக்கிறார்கள். கிரெய்ன் என்பது எடை. 7,000 கிரெய்ன் ஒரு பவுண்டு. ஆக 150 கிரெய்ன் குண்டின் எடை ஏறக்குறைய 9.7 கிராம். பலரும் இந்த எண்ணை மட்டும் பார்த்து, கனமானதே நல்லது என்று முடிவு செய்துவிடுகிறார்கள். மென்முனை என்ற அந்தச் சிறிய எழுத்துச் சொல்தான் எடையைவிட முக்கியமானது என்பது என் கருத்து.

காரணம் இதோ. மானின் முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி ஏறத்தாழ 8 அங்குல அகலம் கொண்டது. அங்கே நுழையும் குண்டு தன் முனை மலர்ந்து, காளான் குடைபோல் அகன்று, பாதையை அகலப்படுத்திக்கொண்டே மறுபுறம் வெளியேற வேண்டும். அகலாமல் ஊசிபோல் துளைத்துச் சென்றால் மான் காயத்தோடு வெகுதூரம் ஓடி, எவர் கையிலும் சிக்காமல் வதைபட்டுச் சாகும். இதனால்தான் முனையையும் உறை மூடியிருப்பதால் விரியாத முழு உறைக் குண்டுகளை மான் வேட்டையில் பயன்படுத்தக் கூடாது என்று விஸ்கான்சின் உட்படப் பல மாநிலங்கள் விதித்திருக்கின்றன. போரிலோ விதி நேர்எதிரானது: கல்கத்தாவை அடுத்த டம் டம் ஆயுதத் தொழிற்சாலையில் 1890-களில் உருவாகி அந்த ஊரின் பெயராலேயே அறியப்பட்ட விரியும் குண்டுகள் எழுப்பிய சர்ச்சைக்குப் பின், 1899-ஆம் ஆண்டின் ஹேக் பிரகடனம் அத்தகைய குண்டுகளைப் போர்க்களத்தில் தடை செய்தது.

குண்டு எவ்வளவு மலரும் என்பது, மானைத் தொடும் நேரத்தில் அதற்கிருக்கும் வேகத்தைப் பொறுத்தது. 1895-இல் வந்த 30-30 வின்செஸ்டரையும் 1963-இல் வந்த 300 வின்செஸ்டர் மேக்னத்தையும் எடுத்துக்கொள்வோம். இரண்டின் குண்டுக்கும் விட்டம் ஒன்றே, 0.308 அங்குலம். ஆனால் 150 கிரெய்ன் குண்டு முதலாவதிலிருந்து நொடிக்கு ஏறத்தாழ 2,400 அடி வேகத்திலும் இரண்டாவதிலிருந்து ஏறத்தாழ 3,300 அடி வேகத்திலும் புறப்படுகிறது. 30-30-க்கென்று வார்த்த மென்மையான குண்டை மேக்னத்தின் வேகத்தில் 40 கெஜத் தொலைவில் உள்ள மானின் தோள் எலும்பில் செலுத்தினால், அது உள்ளே இறங்குவதற்குள் சிதறி, இறைச்சியைத்தான் பாழாக்கும். மேக்னத்துக்கென்று கெட்டியாகச் செய்த குண்டு 30-30-இலிருந்து 200 கெஜம் போய்ச் சேரும்போது வேகம் 1,600 அடி அளவுக்கு இறங்கிவிடுவதால், அது மலராமலே மறுபுறம் போய்விடக்கூடும். சாதாரண ஈயக் குண்டு நன்றாக மலர ஏறத்தாழ 1,800 அடி வேகம் வேண்டும் என்பது வேட்டைக்காரர்களின் கணக்கு. எந்தத் தொலைவில் வேகம் அதற்குக் கீழே இறங்குகிறது என்பதைப் பல பெட்டிகளின் பின்புற அட்டவணையே சொல்லிவிடும். உங்கள் எல்லை அதுதான்.

(திரையில்: மானிலிருந்து மீட்ட இரண்டு குண்டுகள், ஒன்று கிழிந்த தகடு, மற்றொன்று நான்கு இதழ் விரிந்த செப்புப் பூ.)

இடப்பக்கம் இருப்பது ஈயக் கருவைச் செப்பு உறையில் அடைத்த பழைய வகை. விலை குறைவு, ஆனால் எலும்பில் பட்டால் உறை ஒருபுறமும் ஈயம் ஒருபுறமுமாகப் பிரியலாம். ஜான் நாஸ்லர் என்ற அமெரிக்க வேட்டைக்காரர் 1940-களில் கனடாவில் மூஸ் என்னும் பெரிய மான் இனத்தின் வேட்டையில் பட்ட ஏமாற்றத்துக்குப் பிறகு, குண்டின் நடுவே ஒரு செப்புத் தடுப்பை வைத்து, முன்பாதி மலர்ந்தாலும் பின்பாதி குலையாமல் உள்ளே செல்லும்படி செய்தார். அந்தப் பார்ட்டிஷன் குண்டு இன்றும் விற்பனையில் இருக்கிறது. உறையோடு ஈயத்தை ஒட்டவைத்த வகையும் அதே நோக்கத்துக்காக வந்தது. 308-ஐக் கொண்டு 200 கெஜத்துக்குள் சுடும் ஒருவருக்கு இவை கட்டாயம் அல்ல, மென்முனையே போதும்.

வலப்பக்கம் முழுச் செம்பு. இது ஏறக்குறைய எடை குறையாமலே மறுபுறம் சென்றுவிடும். இதை ஏன் வாங்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இரண்டு பதில்கள் உண்டு. ஈயக் குண்டு பொடிப்பொடியாக உதிர்ந்து, காயத்திலிருந்து தள்ளியிருக்கும் இறைச்சியிலும் கலக்கிறது. 2008-இல் வடக்கு டகோட்டாவில் உணவு வங்கிகளுக்குத் தானமாக வந்த மான்கறியில் ஈயத் துணுக்குகள் தென்பட்டபின், அந்த அரைத்த கறியைப் பயன்படுத்த வேண்டாம் என்று மாநில சுகாதாரத் துறை அறிவுறுத்தியது. இரண்டாவது, வேட்டைக்காரர்கள் காட்டில் விட்டுவரும் குடலைத் தின்னும் பறவைகள். 1982-இல் வெறும் 22 ஆகக் குறைந்திருந்த கலிபோர்னியா காண்டர் கழுகுகள் இன்றும் பெருமளவில் ஈய நஞ்சால் சாகின்றன. அதனால் அம்மாநிலம் 2019 ஜூலை முதல் எல்லா வனவிலங்கு வேட்டையிலும் ஈயக் குண்டைத் தடை செய்திருக்கிறது.

செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது என்பதால், அதே எடையில் செப்புக் குண்டு நீளமாக இருக்கும். மலர்வதற்கும் சற்று அதிக வேகம் கேட்கும். ஆகவே ஈயத்தில் 150 கிரெய்ன் சுட்டவர் செம்பில் 130-க்கு இறங்குவது வழக்கம். சட்டத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்: கொலராடோவில் மானுக்கு விட்டம் 0.24 அங்குலத்துக்கும் எடை 70 கிரெய்னுக்கும் குறையக் கூடாது; 100 கெஜத்தில் ஆற்றல் 1,000 ஃபுட்-பவுண்டு இருக்க வேண்டும். புதியவருக்கு 243 வின்செஸ்டரில் 100 கிரெய்ன் குண்டைத் தயங்காமல் சொல்வேன். தோளில் உதை குறைவாக இருந்தால், விசையை இழுக்கும்போது கண்ணை மூடும் பழக்கம் வராது.

30-30 போல, குழலுக்கடியில் தோட்டாக்களை வரிசையாக அடுக்கும் நீளக்குழாய் மேகஸின் உள்ள லீவர் (நெம்புகோல்) துப்பாக்கி என்றால் கூர்முனைக் குண்டு வேண்டாம். குழாய்க்குள் ஒவ்வொரு முனையும் முன்னிருக்கும் தோட்டாவின் பிரைமரில் முட்டி நிற்கும்; சுடும்போது எழும் உதையில் கூர்முனை அதைத் தட்டி வெடிக்க வைத்துவிடக்கூடும். தட்டை முனையோ, அதற்கென்றே செய்த மென்மையான பிளாஸ்டிக் முனையோ வாங்குங்கள்.

இரண்டு வகைப் பெட்டிகளை வாங்கி, 100 கெஜத்தில் மேசையில் தாங்கல் வைத்து மும்மூன்றாகச் சுட்டுப் பாருங்கள். ஒரே துப்பாக்கியில் ஒரு பெட்டியின் மூன்று துளைகள் ஒரு ரூபாய் நாணயத்தில் அடங்கும். இன்னொரு பெட்டியின் துளைகள் உள்ளங்கை அளவுக்குப் பரவி, இரண்டு அங்குலம் கீழேயும் இறங்கியிருக்கும். எதைத் தேர்ந்தெடுத்தாலும், ஸ்கோப்பை அந்தக் குண்டுக்கே மறுபடி சரிசெய்துவிட்டு, பெட்டியில் உள்ள தயாரிப்பு லாட் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே எண்ணில் இன்னொரு பெட்டியைப் பருவம் தொடங்குமுன் வாங்கி வைத்துவிடுங்கள்.