வல்வா தோலில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம்: எவ்வளவு வெட்டுவது?

வணக்கம். "கீழே அரிக்கிறது" என்று கடையில் சொல்லி, பூஞ்சைக் களிம்புகளை ஆண்டுக்கணக்கில் மாற்றி மாற்றித் தடவிய பிறகே மருத்துவரிடம் வரும் பெண்களை மனத்தில் வைத்து இன்று பேசுகிறேன். பெண்ணுறுப்பின் வெளிப்பகுதியை மருத்துவத்தில் வல்வா என்பார்கள். அந்த இடத்தை வீட்டில் கூச்சமின்றிச் சொல்ல நமக்கு ஒரு சொல் வாய்க்காததும் இந்தத் தாமதத்துக்குக் காரணம் என்றே நினைக்கிறேன்.

அங்கே ஆறாத புண்ணோ, தடித்த வெள்ளை, சிவப்பு அல்லது கருத்த திட்டோ இருந்தால், மரத்துப்போக ஊசி போட்டுச் சிறு துண்டுத் தோலை எடுத்துப் பயாப்ஸிக்கு அனுப்புவார்கள். அறிக்கையில் வி.ஐ.என். என்று வந்தால் அது புற்றுநோய் அல்ல. மேல்தோலின் செல்கள் மாறியிருக்கின்றன, ஆனால் கீழே ஊடுருவவில்லை என்று பொருள். அதில் எந்த வகை என்று கட்டாயம் கேளுங்கள். எச்.பி.வி. வைரஸால், பெரும்பாலும் அதன் 16ஆம் வகையால், வருவது ஒன்று. லைக்கன் ஸ்க்ளிரோசஸ் என்னும் நாள்பட்ட தோல் நோயின் மீது, பெரும்பாலும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வருவது மற்றொன்று. இரண்டாவது வகை புற்றுநோயாக மாறும் வாய்ப்பு அதிகம் என்பதால் அதை வெட்டி எடுப்பதே முறை.

முன்பெல்லாம் இதற்கு வல்வா முழுவதையும் அகற்றியதுண்டு. இப்போது திட்டையும், அதைச் சுற்றி அரை முதல் ஒரு சென்டிமீட்டர் வரை நல்ல தோலையும் எடுத்துவிட்டுத் தையல் போடுகிறார்கள். கிளிட்டோரிஸ், சிறுநீர்த் துவாரம், ஆசனவாய் ஆகியவற்றுக்கு அருகில் என்றால், உறுப்பின் பயனைக் காப்பதற்காக அந்த ஓரத்தைக் குறைத்துக்கொள்வதும் உண்டு. இடைவெளி பெரிதானால் பக்கத்துத் தோலை நகர்த்தி மூடுவார்கள்.

லேசரில் தழும்பு குறைவுதானே என்று கேட்பீர்கள். உண்மைதான், ஆனால் லேசர் திசுவை ஆவியாக்கிவிடுவதால் பரிசோதிக்க எதுவும் மிஞ்சாது. வெட்டி எடுத்த தோலிலோ, பயாப்ஸியில் அகப்படாத தொடக்கநிலைப் புற்றுநோய் சிலருக்குத் தென்படுவதுண்டு. ஆகவே சந்தேகம் சிறிதேனும் இருந்தால் நான் கத்தியின் பக்கமே நிற்பேன்.

எச்.பி.வி. வகைக்கு மட்டும் இன்னொரு வழி உண்டு. ஆஸ்திரியாவில் 110 பெண்களிடம் நடத்தி 2022இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வில், இமிக்விமாட் களிம்பு அறுவைச் சிகிச்சைக்குக் குறையாத பலனைத் தந்தது. களிம்பு என்றதும் எளிது என்று எண்ணிவிடாதீர்கள். தடவிய இடம் சிவந்து எரியும், மாதக்கணக்கில் பொறுக்க வேண்டும்.

எந்த வழியில் போனாலும் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இது திரும்பி வருகிறது. புகைப்பவர்களுக்கு வாய்ப்பு இன்னும் கூடுதல். அதனால் தையல் ஆறிய பிறகும் பரிசோதனைக்குத் தவறாமல் போக வேண்டும். லைக்கன் ஸ்க்ளிரோசஸ் உள்ளவர்கள், வெட்டியாயிற்றே என்று அதற்குத் தடவிவரும் கிளோபெட்டசால் என்னும் ஸ்டீராய்டு களிம்பைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது.