எத்தனாலில் ஓடும் டர்போ கார்: மாற்றம் டேங்கில் தொடங்குகிறது

[திரையில்: காக்கி புக்கிட்டில் ஒரு பட்டறை. பின் இருக்கை கழற்றப்பட்ட கார். எரிபொருள் டேங்கின் வட்ட மூடி தெரிகிறது.]

சிங்கப்பூரில் எந்தப் பெட்ரோல் நிலையத்திலும் இ85, அதாவது 85 சதவீதம் எத்தனாலும் மீதி பெட்ரோலும் கலந்த எரிபொருள், கிடையாது. ஆக்டேன் எண் 92, 95, 98 பெட்ரோல், அதற்கு மேல் விலை கூடிய சிறப்பு வகை ஒன்று, அவ்வளவுதான். ஆனாலும் டர்போ கார் வைத்திருப்பவர்கள் இந்தப் பட்டறைகளில் விடாமல் கேட்கும் கேள்வி, "எத்தனாலுக்கு மாற்றலாமா?" என்பதுதான். கேட்பவர் மனத்தில் குதிரைத்திறன் இருக்கும். நாம் இன்று பார்க்கப்போவதோ பின் இருக்கைக்கு அடியில் உள்ள இந்த மூடி. இதற்குள் எதை ஊற்றப் போகிறோம், அது தொடர்ந்து கிடைக்குமா என்பதற்கு விடை தெரியாமல் எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் வாங்கப் போவது வீண் செலவு.

[திரையில்: உள்ளங்கையில் கைச்சுத்திகரிப்பான் விழுகிறது.]

ஆசை நியாயமானதுதான். கைச்சுத்திகரிப்பான் பட்டதும் உள்ளங்கை சில்லென்று ஆகிறதே, அதில் இருப்பதும் எத்தனால்தான். திரவம் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. ஒரு கிலோ பெட்ரோல் ஆவியாக ஏறக்குறைய 350 கிலோஜூல் வேண்டும். எத்தனாலுக்கு 840க்கும் மேல். ஒரே அளவு காற்றை எரிக்க எத்தனால் அதிகம் தேவைப்படுவதையும் சேர்த்துக் கணக்கிட்டால், உள்ளே போகும் காற்றிலிருந்து அது இழுக்கும் வெப்பம் பெட்ரோலைப்போல் மூன்று மடங்கைத் தாண்டுகிறது.

ஆண்டு முழுவதும் பகலில் 31, 32 டிகிரி அடிக்கும் நம் ஊரில் இதன் அருமை தெரியும். விரைவுச்சாலை நெரிசலில் சிறிது நேரம் நின்றாலே டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் சூடேறிவிடுகிறது. சூடான காற்று வந்தால் பெட்ரோல் நேரத்துக்கு முன்பே வெடிக்கிறது. அந்த நாக்கிங்கைத் தடுக்க இயந்திரத்தைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ தீப்பொறியைத் தாமதப்படுத்த, வாங்கிய சக்தி கைக்கு வராமல் போகிறது. நாக்கிங்கைத் தாங்கும் திறனைக் காட்டும் ஆக்டேன் எண் எத்தனாலுக்கு 108ஐ ஒட்டியது, கூடவே அது குளிரவும் வைக்கிறது. அதனால் தீப்பொறியை முன்னே தள்ளலாம், டர்போ உள்ளே திணிக்கும் காற்றின் அழுத்தமான பூஸ்டைக் கூட்டலாம். 2007இல் சுவீடனின் கோனிக்செக் நிறுவனம் இதை எண்ணிலேயே காட்டியது. பெட்ரோலில் 806 குதிரைத்திறன் தந்த அதன் சிசிஎக்ஸ் கார், எத்தனாலுக்கேற்ற சிசிஎக்ஸ்ஆர் வடிவத்தில் 1,018 குதிரைத்திறன் தந்தது. அந்த 200 சொச்சம் எத்தனாலிலிருந்து நேரடியாகக் கொட்டியதன்று. எத்தனால் இடம் கொடுத்தது. கூட்டிய பூஸ்ட் அதைச் சக்தியாக்கியது. மற்றபடி எதையும் மாற்றாத காரில் எத்தனாலை ஊற்றினால் இயந்திர எச்சரிக்கை விளக்குதான் எரியும்.

குளிர் நாடுகளில் எத்தனாலைப் பற்றிச் சொல்லப்படும் பெரிய குறை, காலையில் இயந்திரம் கிளம்ப மறுப்பது. பிரேசிலில் அதற்காகவே பெட்ரோலிலும் எத்தனாலிலும் ஓடும் பழைய ஃபிளெக்ஸ் கார்களில் ஒரு குட்டிப் பெட்ரோல் டேங்க் வைத்தார்கள். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. மேலே போவோம்.

[திரையில்: கரும்பலகையில் கணக்கு.]

பெட்ரோலில் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். இ85இல் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 9.8 கிலோ காற்றே போதும். திருப்பிச் சொன்னால், அதே காற்றுக்கு எடையில் ஒன்றரை மடங்கு எரிபொருள். இ85 சற்று அடர்த்தி கூடியது என்பதால் கன அளவில் இது 1.43 மடங்காகிறது.

நான்கு சிலிண்டர் டர்போ கார் ஒன்றில் நிமிடத்துக்கு 550 சிசி இன்ஜெக்டர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முழு வேகத்தில் அவை 85 சதவீத நேரம் திறந்திருக்கின்றன. அப்படியானால் ஒவ்வொன்றும் உண்மையில் தருவது 467 சிசி. அதை 1.43ஆல் பெருக்கினால் 668. அந்த 85 சதவீத வரம்பை மீறாமல் இதைத் தர 786 சிசி இன்ஜெக்டர் வேண்டும். இது வெறும் சமநிலை, ஒரு குதிரைத்திறன்கூடக் கூடவில்லை. பூஸ்டைக் கூட்டி 20 சதவீதம் அதிகக் காற்று அனுப்பினால் தேவை 944. ஆகவே பட்டறையில் "1,000 சிசி போடுங்கள்" என்று சொன்னால் அது மிகையில்லை. ஆனால் மலிவான இணைப்பாக எடுத்துவிடாதீர்கள். பெரிய இன்ஜெக்டர் மிகக் குறைந்த நேரம் திறக்கும்போதும் ஒரே சீராகப் பீய்ச்ச வேண்டும். ஒவ்வொரு மின்னழுத்தத்திலும் அது திறக்க எடுக்கும் நேரத்தை அளந்து தரும் உற்பத்தியாளரிடம் வாங்காவிட்டால், சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் இயந்திரம் திணறும்.

அடுத்தது பம்ப். தவறு அதிகம் நடக்கும் இடம் இது. மேலே சொன்ன கணக்குப்படி நான்கு இன்ஜெக்டர்களும் சேர்ந்து மணிக்கு 190 லிட்டருக்குச் சற்று மேல் கேட்கும். பெட்டியில் 255 லிட்டர் என்று எழுதிய பம்ப் தாராளமாகப் போதும் என்று தோன்றும். அந்த எண் குறைந்த அழுத்தத்தில் எடுத்தது. இன்ஜெக்டர் பாதையில் அடிப்படை அழுத்தம் 3 பார், 1.5 பார் பூஸ்ட் வந்தால் எரிபொருள் அழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டர் அதையும் கூட்டி 4.5 பாராக்கும். அழுத்தம் ஏற ஏறப் பம்ப் தள்ளும் அளவு இறங்கும். அதற்கு மேல், பழைய மெல்லிய மின்கம்பி வழியாக 12 வோல்ட்டுக்கும் குறைவாக வந்தால் இன்னும் இறங்கும். முழு வேகத்தில், அதாவது எரிபொருள் மிக அதிகம் தேவைப்படும் அந்த நொடியில், கலவை மெலிந்து, அதாவது காற்றுக்கு ஏற்ற எரிபொருள் இல்லாமல், பிஸ்டன் உருகுவது இப்படித்தான். எத்தனாலுக்கென்று சான்று பெற்ற, 400 லிட்டர் வகைப் பம்ப் ஒன்றைப் போட்டு, பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த கம்பியும் ஃபியூஸும் ரிலேயும் கொடுப்பதே என் தேர்வு.

பெரிய பம்புக்கும் ஒரு பக்கவிளைவு உண்டு. இயந்திரம் சும்மா ஓடும்போது வேண்டாத எரிபொருள் எல்லாம் ரெகுலேட்டர் வழியாகத் திரும்ப வேண்டும். தொழிற்சாலை ரெகுலேட்டரும் குறுகிய திரும்பு குழாயும் அதைக் கடத்த முடியாமல் அழுத்தம் தானாக ஏறும். பம்ப் மாற்றினால் ரெகுலேட்டரையும் திரும்பு குழாயையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

மலேசியாவின் செப்பாங் பந்தயத் தடத்துக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று. 5.543 கிலோமீட்டர், 15 வளைவுகள் கொண்ட அந்தத் தடத்தில் சில வளைவுகள் முடியவே முடியாது போல நீளும். பாதி டேங்கில் எரிபொருள் ஒரு பக்கம் ஒதுங்க, பம்ப் காற்றை உறிஞ்சும். பெட்ரோலில் ஒரு நொடி தாங்கியது எத்தனாலில் தாங்காது, ஏனெனில் குடிக்கும் வேகம் அதிகம். பம்பைச் சுற்றிச் சிறு தேக்கக் கிண்ணம் இருக்கிறதா என்று மூடியைத் திறந்த கையோடு பார்த்துவிடுங்கள்.

[திரையில்: வெட்டிய பழைய ரப்பர் குழாய், அருகில் உருக்கு வலை போர்த்திய புதுக் குழாய்.]

பழைய ரப்பர் குழாய்கள் எத்தனாலில் ஊறி உப்பும், பிறகு வெடிக்கும். வெடிக்காவிட்டாலும் ஆவி கசிந்து காருக்குள் நாற்றம் வரும். உள்ளே பிடிஎஃப்இ (டெஃப்லான்) பூச்சுள்ள குழாய்தான் சரி. அதிலும் மின்கடத்தும் கரி கலந்த வகையைக் கேட்டு வாங்குங்கள். சாதாரண பிடிஎஃப்இயில் எரிபொருள் ஓடும்போது நிலைமின்சாரம் தேங்கி ஊசித் துளை போட்டுவிடும். பூச்சில்லாத அலுமினியம் அரிக்கும். காகித வடிகட்டிக்குப் பதில் உருக்கு வலை வேண்டும். எத்தனால் நல்ல கரைப்பான் என்பதால் பல ஆண்டு டேங்க் அழுக்கையும் கழுவிக்கொண்டு வரும். முதல் சில டேங்குகளுக்குப் பிறகு வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தால் நான் சொல்வது புரியும்.

எரிபொருளைச் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சும் நேரடிப் பீய்ச்சு இயந்திரங்களில் நிலைமை வேறு. அங்கே உயர் அழுத்தப் பம்பைக் கேம் தண்டு சுழற்றுகிறது. இன்ஜெக்டர் பீய்ச்சக் கிடைக்கும் நேரமும் சுருக்கம். டேங்கில் எவ்வளவு பெரிய பம்ப் வைத்தாலும் அந்த இடுக்கில் சிக்கும். டொயோட்டா ஜிஆர் யாரிஸ் போன்ற சிலவற்றில் நேரடி இன்ஜெக்டரோடு, காற்று உள்ளே வரும் வழியில் பீய்ச்சும் உள்வழி இன்ஜெக்டரும் இருப்பதால் கொஞ்சம் மூச்சுவிடலாம். மற்றவற்றுக்குச் செலவு கூடும்.

[திரையில்: உள்ளங்கையில் அடங்கும் ஃபிளெக்ஸ் சென்சார். அருகில் அலைக்காட்டித் திரை.]

எரிபொருளில் எத்தனால் எத்தனை சதவீதம் என்று அளக்கும் இந்தச் சிறு பெட்டிதான் சிங்கப்பூர் வாசிக்கு மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். உள்ளே இரண்டு மின்தகடுகளுக்கு நடுவே எரிபொருள் ஓடுகிறது. பெட்ரோலின் மின்காப்பு மாறிலி ஏறத்தாழ 2, எத்தனாலினுடையது 24. கலவை மாறினால் மின்தேக்கமும் மாறும். சென்சார் அதைத் துடிப்புகளாக ஈசியூவுக்கு அனுப்புகிறது: நொடிக்கு 50 துடிப்பு என்றால் வெறும் பெட்ரோல், 150 என்றால் முழு எத்தனால். துடிப்பின் அகலத்தில் எரிபொருளின் வெப்பநிலையும் வருகிறது.

ஏன் முக்கியம்? டேங்கில் 15 லிட்டர் இ80 மீதமிருக்கிறது, நீங்கள் ஜொகூர் தாண்டிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சிங்கப்பூர்ப் பதிவு கார் எல்லை தாண்டும்போது முக்கால் டேங்க் இருக்க வேண்டும் என்ற விதியின்படி நிரப்பிக்கொண்டுதான் கிளம்பியிருப்பீர்கள். செப்பாங் போய் ஓடியதில் கரைந்திருக்கும். மலேசியாவில் வெளிநாட்டுக் காருக்கு 95 கிடையாது, 97தான் போட முடியும். 35 லிட்டர் போடுகிறீர்கள். டேங்கில் இப்போது இருப்பது இ24. ஒரே ஒரு கலவைக்கு டியூன் செய்த கார் இங்கே தடுமாறி நிற்கும். ஃபிளெக்ஸ் சென்சார் உள்ள காரில் ஈசியூ பெட்ரோல் அட்டவணைக்கும் எத்தனால் அட்டவணைக்கும் நடுவே எரிபொருள், தீப்பொறி, பூஸ்ட் மூன்றையும் தானாகப் பிரித்தெடுத்துக்கொள்ளும். இ85 கிடைக்காத ஊரில் ஃபிளெக்ஸ் இல்லாத எத்தனால் மாற்றத்தை நான் பரிந்துரைக்கவே மாட்டேன்.

ஈசியூ அட்டவணைகளை எழுதித் தரும் டியூனரிடம் ஒரு கேள்வி கட்டாயம் கேளுங்கள்: சென்சார் செத்தால் கார் என்ன செய்யும்? டேங்கில் இ80 இருக்கும்போது ஈசியூ அதைப் பெட்ரோல் என்று எடுத்துக்கொண்டால் கலவை ஆபத்தாக மெலியும். கடைசியாகக் கண்ட அளவையே பிடித்துக்கொண்டு பூஸ்டை வெட்டுவதுதான் சரியான பதில். இந்தக் கேள்விக்கு முழிக்கும் டியூனரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். கலவை அளவி வாங்கும்போது லாம்ப்டாவில், அதாவது தேவையான காற்றுக்கு உண்மையில் உள்ள காற்று எத்தனை மடங்கு என்பதில், காட்டுவதாக வாங்குங்கள். 14.7, 9.8 என்று எரிபொருளுக்கு எரிபொருள் மாறும் எண்களை ஓட்டும்போது மனத்தில் மாற்றிக்கொண்டிருக்க முடியாது; லாம்ப்டா 1 எல்லாவற்றுக்கும் 1தான்.

[திரையில்: கண்ணாடிக் குடுவையில் பெட்ரோல். அடியில் தெளிவான தனி அடுக்கு.]

இனி, முதலில் கேட்ட கேள்வி. எத்தனால் எங்கிருந்து வரும்? தாய்லாந்தில் 2008 முதலே இ85 விற்றார்கள். நமக்கு அது உதவாது. தொழிற்சாலைப் பயன்பாட்டு எத்தனாலைச் சிலர் நாடுகிறார்கள். குடிக்கத் தகுந்த மதுசாரத்துக்கு இங்கே தீர்வை, தூய மதுசாரம் லிட்டருக்கு 88 வெள்ளி. அந்த விலையில் ஓட்டுவதைவிட டாக்சியில் செப்பாங் போகலாம்! குடிக்க முடியாதபடி வேதிப்பொருள் கலந்த வகையில் வேறு சிக்கல்: கலந்தது என்ன, எவ்வளவு? மெத்தனால் என்றால் குழாயும் அலுமினியமும் இன்னும் வேகமாக அரிக்கும். தண்ணீர் எவ்வளவு? சாதாரண வடிப்பில் எத்தனால் எடையில் 95.6 சதவீதத்துக்கு மேல் தூய்மையாவதில்லை, மீதி தண்ணீர். பெட்ரோலோடு கலக்கும்போது அந்தத் தண்ணீர் எத்தனாலையும் இழுத்துக்கொண்டு அடியில் தனி அடுக்காகப் பிரியலாம். பம்ப் உறிஞ்சுவது அடியில்தான். சென்சாரும் ஏமாறும்: தண்ணீரின் மின்காப்பு மாறிலி 80 என்பதால் கொஞ்சம் ஈரமே எத்தனாலை அதிகமாகக் காட்டும். ஆகவே நீர் நீக்கிய எத்தனால், பகுப்பாய்வுச் சான்றோடு, இல்லையென்றால் வேண்டாம்.

சேமிப்பு? வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டின் பொருள் அறையில் பீப்பாய் அடுக்கும் எண்ணம் இருந்தால் இப்போதே கைவிடுங்கள். தீப்பற்றும் திரவங்களை விலக்கு அளவுக்கு மேல் வைக்கக் குடிமைத் தற்காப்புப் படையின் உரிமம் வேண்டும். காரைப் பொறுத்தவரை நிலப் போக்குவரத்து ஆணையம் மாற்றங்களை மூன்றாகப் பிரிக்கிறது: அனுமதி தேவையில்லாதவை, தேவைப்படுபவை, அறவே கூடாதவை. உங்கள் மாற்றம் எதில் சேரும் என்பதை ஆணையத்திடமே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். காப்பீட்டு நிறுவனத்திடமும் சொல்லிவிடுங்கள். "எல்லாரும் செய்கிறார்கள்" என்ற பட்டறை வாய்ச்சொல் சோதனையின்போது கூட வராது.

இத்தனை கேட்ட பிறகு ஆர்வம் குறைந்திருந்தால், நடுவழி ஒன்று இருக்கிறது. எத்தனாலின் நாக்கிங் எதிர்ப்பு நேர்கோட்டில் ஏறுவதில்லை, முதல் 30 சதவீதத்திலேயே பெரும்பகுதி கிடைத்துவிடும். இ30க்குக் கூடுதல் எரிபொருள் தேவை எட்டில் ஒரு பங்கு மட்டுமே. பல கார்களில் தொழிற்சாலைப் பம்பே சமாளிக்கும். 2022 முதல் 2025 வரை மரினா பேயில் ஓடிய ஃபார்முலா ஒன் கார்களின் எரிபொருளில்கூட எத்தனால் 10 சதவீதம்தான் இருந்தது.

[திரையில்: எண்ணெய் அளவுகோல்.]

மாற்றிய பிறகு என்ஜின் எண்ணெயைக் கவனியுங்கள். எரியாத எத்தனால் எண்ணெயில் இறங்கும். அது 78 டிகிரியில் கொதித்து வெளியேறிவிடும், ஆனால் வீட்டிலிருந்து எம்ஆர்டி நிலையம் வரை ஓட்டி நிறுத்தினால் எண்ணெய் அந்தச் சூட்டை எட்டாது. குறுகிய தூரம்தான் ஓட்டம் என்றால் எண்ணெய் மாற்றும் இடைவெளியைப் பாதியாக்குங்கள். வெளிநாடு போகிறீர்கள், கார் சில வாரம் பலமாடி நிறுத்துமிடத்தில் ஈரக் காற்றில் நிற்கப்போகிறது என்றால், டேங்கை ஏறக்குறைய காலியாகும்வரை ஓட்டி, 98 நிரப்பி, சென்சார் 10 சதவீதத்துக்குக் கீழே காட்டும்வரை ஒரு சுற்று ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். திரும்பி வந்ததும் முதல் வேலையாக இன்ஜெக்டர் இணைப்புகளில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள்; கசிவைத் தடுக்கும் ரப்பர் ஓ-வளையம் காய்ந்திருந்தால் அங்கேதான் முதலில் கசியும்.