மூத்த கவிஞர் மைக் முன்னால் அமரும்போது

அவையோருக்கு வணக்கம். கோலாலம்பூரில் தானே எழுதி, மெட்டமைத்து, பாடிய மூத்தவர்களின் ஆல்பத்தைப் பதிவு செய்ய நினைக்கும் தம்பி தங்கைகளே, உங்களுக்காகத்தான் பேசுகிறேன்.

மைக்கைத் தொடுவதற்கு முன்னால் சுருதியைப் பாருங்கள். அந்தக் காலத்தில் இரண்டு கட்டைச் சுருதியில் பாடியவருக்கு இன்று அதைவிடத் தாழ்ந்த ஒன்று, ஒன்றரைதான் இதமாக இருக்கும். பழைய கேசட்டை நம்பிப் பின்னணி இசை டிராக் போட்டுவிட்டால் சரணத்தின் உச்சியில் குரல் உடையும். உச்ச வரியை மூன்று முறை பாடச் சொல்லுங்கள். மூன்றாம் முறையும் கழுத்து நரம்பு புடைக்காமல் வந்தால், அதுதான் அவர் சுருதி.

கவிஞர் தன் ஆர்மோனியத்தோடு வந்தால் டியூனரில் அளந்துகொள்ளுங்கள். அதன் A சுரம் வழக்கமான 440 ஹெர்ட்ஸில் இல்லாமல் 442-இல் இருந்தால் கீபோர்டையும் 442-க்கு ஏற்றுங்கள். 440-க்கும் அதற்கும் எட்டு சென்ட்தான், அதாவது அரைச்சுரத்தில் நூறில் எட்டுப் பங்குதான் வித்தியாசம். ஆனால் சேர்ந்து நீளும்போது அலையடிக்கும்.

பெரிய தொல்லை ஹெட்போனில்தான். வயதானால் காதில் மேல்ஒலிகள் முதலில் குறையும். "தாளம் கேட்கலையே" என்பார். நாம் தாளம் காட்டும் கிளிக் ஒலியைக் கூட்டுவோம். கூட்டக் கூட்ட அந்த 'டிக் டிக்' ஹெட்போனிலிருந்து கசிந்து, அவர் மெதுவாகப் பாடும் வரியில் மைக்கில் ஏறிவிடும். பிறகு அதைச் சுத்தமாகப் பிரிப்பது கடினம். கிளிக்கை மாற்றித் தபலாவின் கனமான அடியை வைத்தால், குறைந்த ஒலியிலேயே கேட்கும். மூடிய ஹெட்போன் கொடுங்கள். கணினியில் ஒலி தங்கிச் செல்லும் அளவான பஃபரை 128 சாம்பிளுக்கு இறக்குங்கள், இல்லையென்றால் தன் குரலே தாமதமாகக் கேட்டுத் தடுமாறுவார். தாளமில்லாமல் பாடும் விருத்தத்துக்குக் கிளிக்கே வேண்டாம்.

மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றே சாய்ந்து இருக்கட்டும், 'ப' வெடிக்காது. உச்ச வரி பதிவு மீட்டரில் மைனஸ் பத்து டெசிபெல்லைத் தாண்ட வேண்டாம்.

நம் ஊர்ப் புழுக்கத்தில் வந்த மிருதங்கம் ஏர்கானில் காயக் காயச் சுருதி ஏறும். அரைமணி நேரம் அறையில் வைத்த பிறகு சுருதி சேருங்கள். இடிமழை பெரும்பாலும் பிற்பகலில் வருவதால், குரலைக் காலையிலேயே எடுத்துவிடுங்கள்.

எழுதியவரே பாடுகிறார் என்பதை மறக்காதீர்கள். ஒரே பாட்டைப் பல டேக்குகளாகத் திரும்பத் திரும்பப் பதியும்போது, இரண்டாம் டேக்கில் ஒரு சொல்லை மாற்றுவார், மூன்றாவதில் பழையதற்கே திரும்புவார். டேக்குகளை ஒட்டும்போது பல்லவியில் ஒரு சொல்லும், அதுவே திரும்பும்போது வேறு சொல்லுமாகிவிடும். அதனால் ஒருவர் பாட்டுத்தாளோடு பக்கத்தில் உட்கார்ந்து, எந்த டேக்கில் எந்தச் சொல் என்று குறிக்க வேண்டும். ஒட்டும் முன் அந்தத் தாளை அவரிடமே காட்டி, எது வேண்டும் என்று கேளுங்கள்.